முழங்காலுக்குக் கீழே: பள்ளிப் பிள்ளைகளின் உடுப்புக்குப் பின்னால் உள்ள வரலாறு

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் சேரி மக்கள்மீது எட்டுக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு எதுவும் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. தங்கம், வெள்ளி கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது.

இதை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கட்டுப்பாடுகள் பதினொன்றாக வளர்ந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இந்த இரண்டு பட்டியல்களையும் பதிவு செய்திருக்கிறார். விதித்தவர்கள் கள்ளர் சமூகத்தார் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்.

பள்ளிப் பிள்ளைகளின் உடுப்பைப் பற்றி எழுத வந்தவள் ஏன் இங்கிருந்து தொடங்குகிறேன் என்று கேட்கலாம். அந்தப் பதினொன்றின் வரிசையைப் பாருங்கள். முதல் விதி: ஆதிதிராவிடரும் தேவேந்திரகுல வேளாளரும் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. மூன்றாவது விதி: பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாடுகூட வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியில் இருக்கக் கூடாது. நான்காவது விதி: அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. ஐந்தாவது விதி: அந்தப் பிள்ளைகள் மிராசுதாரர்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பண்ணை வேலை, குத்தகைத் தடை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா என்று கூலிக்கு வருகிறார்கள்.

துணி, படிப்பு, மாடு, கூலி. இவை ஒரே பட்டியலில் வந்தது தற்செயல் அல்ல. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கினால் பிள்ளை பள்ளிக்கூடம் போவான், பள்ளிக்கூடம் போனால் மாடு மேய்க்க ஆள் கிடைக்காது, ஆள் கிடைக்காவிட்டால் நாலணாவுக்கு யாரும் வரமாட்டார்கள். இந்தக் கணக்கு விதி எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரு குழந்தைக்குத் "தகுந்த உடை" எது என்ற கேள்விக்குச் சாதி வைத்திருந்த பதில் இதுதான்.

தெற்கே நடந்தது

இந்தக் கேள்வி இன்னும் நூறாண்டு பழையது. இன்றைய குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் இடுப்புக்கு மேலே துணி போடக் கூடாது என்பது வழக்கம். 1813இல் கர்னல் மன்றோ, மதம் மாறிய கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்று உத்தரவு போட்டார். நாகர்கோவிலில் மிஷனரிகள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். எழுத்தோடு தையலும் லேஸ் பின்னலும் அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. லேஸ் விற்ற காசில் தங்கள் அடிமைத்தனத்தை விலை கொடுத்து அறுத்துக்கொண்ட பெண்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஊசி பிடிக்கக் கற்ற கை, தனக்கான சட்டையையும் தைத்துக்கொண்டது.

அதற்கு வந்த பதில் தெரிந்ததுதான். 1822 தொடங்கிச் சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேல்துணி கிழிக்கப்பட்டது. சபைக் கட்டடங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன, தீ வைக்கப்பட்டன. 1829இல் வந்த அரச அறிவிப்பு, குப்பாயம் போடலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை போடக் கூடாது என்றது. 1858, 59இல் மறுபடி கலவரம். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டது. அப்போதும் ஒரு நிபந்தனை இருந்தது: உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது. உரிமை கொடுத்த காகிதத்திலேயே வேறுபாட்டையும் தைத்து வைத்தார்கள்.

இந்தப் போராட்டத்தை நாம் பெரும்பாலும் இங்கேயே முடித்துவிடுகிறோம். புலையர் பெண்களுக்கு அது முடியவில்லை. அவர்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடியும் கோத்த மாலைகளே சாதி அடையாளமாகத் தொங்கின. 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில், அந்த மாலைகளை அறுத்தெறிந்து ரவிக்கை போடச் சொன்னது அய்யன்காளியின் இயக்கம். அங்கேயும் குடிசைகள் எரிந்தன. பின்பு கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் பெண்கள் எல்லோர் கண்முன்னும் மாலைகளை அறுத்துக் குவித்தார்கள்.

அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1910இல், அதே அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். பிள்ளையை உள்ளே உட்கார வைத்ததற்காக அந்தப் பள்ளிக்கூடம் கொளுத்தப்பட்டது. உடுப்புக்கான போராட்டமும் வகுப்பறைக்கான போராட்டமும் ஒரே மனிதரின் இரண்டு கைகளில் இருந்தன.

நல்ல உடை போட்ட பிள்ளை

"சுத்தமாக வரட்டும், நன்றாக உடுத்தி வரட்டும், யார் வேண்டாம் என்று சொன்னது?" இந்த வாதத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அழுக்குதான் தீண்டாமைக்குக் காரணம் என்று சொல்பவர்களுக்கு, அண்ணல் அம்பேத்கர் தன் சிறுவயதைப் பற்றி எழுதிய பக்கங்களே போதும்.

1901ஆம் ஆண்டு. சதாராவில் இருந்த பீமாராவும் வீட்டுச் சிறுவர்களும் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். முதல் இரயில் பயணம். அதற்காகப் புதுத் துணி எடுக்கப்படுகிறது. புதுச் சட்டை, மினுமினுக்கும் குல்லா, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்தில் இறங்கிக் காத்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் போட்ட கடிதம் அவர் கைக்குப் போகவில்லை, அழைத்துப் போக யாரும் வரவில்லை. நிலைய அதிகாரி பிள்ளைகளின் உடையைப் பார்த்துப் பார்ப்பனப் பிள்ளைகள் என்று நினைத்துப் பரிவோடு விசாரிக்கிறார். "நாங்கள் மகார்கள்" என்று ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னதும் அவர் முகம் மாறுகிறது, விலகிப் போய்விடுகிறார். வண்டிக்காரர்கள் ஒருவரும் ஏற்றிக்கொள்ளத் தயாரில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வர, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பயணம்.

உடை மாறவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் மரியாதை வாங்கிக் கொடுத்த அதே பட்டுக்கரை வேட்டிதான். மாறியது சாதி தெரிந்தது மட்டும்.

அதே எழுத்தில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. வகுப்பறையில் அவர் தனியாக ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுபோகும் கோணிச் சாக்கின்மேல்தான் உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டும் பணியாள் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். இன்னொன்று, வீட்டில் துணி வெளுத்தது அவருடைய அக்காமார். சதாராவில் வண்ணார் இல்லாமல் இல்லை, கூலி கொடுக்கக் காசு இல்லாமலும் இல்லை. தீண்டத்தகாதவரின் துணியை வெளுக்க வண்ணார் வரமாட்டார்.

நம் பக்கத்தில் சேரித் துணியை வெளுத்தது யார்? புதிரை வண்ணார். தலித்துகளுக்குத் துணி வெளுத்ததாலேயே தலித்துகளுக்கும் கீழே தள்ளப்பட்டவர்கள். திருநெல்வேலி வட்டாரத்தில் அவர்களைப் பார்த்தாலே தீட்டு என்று சொல்லி, பகலில் வெளியே வரவிடாமல், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் வேலை செய்ய வைத்தார்கள் என்று 1932இல் பத்திரிகைச் செய்தியே வந்திருக்கிறது. அவர்களுக்கென ஒரு நலவாரியம் அமைய 2009 ஆனது. சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பு நின்றுபோகும் பிள்ளைகள் இன்றும் அந்தச் சமூகத்தில் இருக்கிறார்கள். நம் சட்டையின் வெண்மைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று நம்மையும் நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

சீருடை வந்த வழி

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அரசுப் பள்ளிச் சீருடை என்ன செய்தது என்று புரியும்.

காமராசர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் மதிய உணவு வந்தது. அதே காலத்தில்தான் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் நடந்தன. ஊர்மக்கள் கரும்பலகையும் பெஞ்சும் கொடுத்தது போலவே பிள்ளைகளுக்குச் சீருடையும் கொடுத்தார்கள். அது நன்கொடை. கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. ஊர் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நன்கொடையும் இருக்கும்.

1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை அரசுத் திட்டமாக வந்தது. நன்கொடை உரிமையாக மாறத் தொடங்கிய இடம் அது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணி, சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் தையல். கணவனை இழந்த, கைவிடப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு அதுவே வருமானம். 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு செட் என்று உயர்த்தப்பட்டது. காலணியும் பையும் சேர்ந்தன. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் சேர்ந்தன.

ஒரு செட்டுக்கும் நான்கு செட்டுக்கும் உள்ள வித்தியாசம் சேரியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரே செட் என்றால் ராத்திரி துவைத்துப் போட்டு, காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போவது. மழைக்காலத்தில் காயாத நாளில் லீவு போடுவது. நான்கு செட் வந்தபோது வகுப்பில் யார் காலனி, யார் ஊர்த்தெரு என்று சட்டையைப் பார்த்துச் சொல்வது கடினமானது. 1931இன் முதல் விதிக்கு அரசு எழுதிய பதில் அது என்றே நான் வாசிக்கிறேன்.

குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. அதன் மாதிரி விதிகள் சீருடையைப் பாடநூலோடு சேர்த்துக் குழந்தையின் உரிமையாகவே சொல்கின்றன. தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்தில் சேரும் பிள்ளையைச் சீருடையிலோ நூலிலோ வேறுபடுத்தக் கூடாது என்றும் சொல்கின்றன. ஆனால் இந்த இடத்தில் சேர்ந்த பிள்ளையின் பெற்றோரிடமே சீருடைக்கும் ஷூவுக்கும் பணம் கட்டச் சொல்லும் பள்ளிகள் உண்டு. கட்டணம் இல்லை என்று நம்பிப் போன தாய் வட்டிக்கு வாங்கித் துணி எடுக்கிறாள்.

மணிக்கட்டில் திரும்பி வந்த சாதி

சட்டை ஒன்றானதும் சாதி வேறு இடம் தேடியது. மணிக்கட்டில் கிடைத்தது. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டி வருகிறார்கள் என்று பயிற்சிக்கு வந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் எழுதிக் கொடுத்தார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி. மோதிரம், நெற்றிப் பொட்டு இவையும் அடையாளமாகின. விளையாட்டு அணி சேர்ப்பதும் இடைவேளையில் கூடி உட்காருவதும் கயிற்றின் நிறப்படி நடந்தன. 2019இல் பள்ளிக்கல்வி இயக்குநர் இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். மத அடையாளத்தில் கைவைப்பதாகச் சிலர் குரல் எழுப்பியதும் அன்றைய அமைச்சர், பழைய நிலையே தொடரும் என்று சொல்லிப் பின்வாங்கினார்.

நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவனோடு படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஆணையம் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. மணிக்கட்டில் ஒரு நூல்தானே என்று இனி யாராவது சொன்னால் நாங்குநேரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், நகையும் நல்லுடையும் அணிவதைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பதைக் குற்றம் என்றது. அறுபது வருடம் கழித்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், பொது இடத்தில் செருப்போ புதுத்துணியோ அணிவதைத் தடுப்பதை வன்கொடுமை என்று தனியாகவே எழுதிச் சேர்த்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. புதுத்துணி போட்டதற்காக அடிபடுபவர்கள் இருபத்தோராம் நூற்றாண்டிலும் இருந்ததால்தான் நாடாளுமன்றம் அப்படி எழுத வேண்டி வந்தது.

பாதுகாப்பு என்றால் யாருக்கு?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குத் தகுந்த, பாதுகாப்பான உடை என்று இன்று பேசும்போது, பருத்தியா பாலியஸ்டரா, பொத்தானா ஜிப்பா என்றே பேச்சு நிற்கிறது. அதுவும் தேவையான பேச்சுதான். பாலியஸ்டர் கலந்த துணி வேர்வையை உறிஞ்சாது. தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விறகடுப்பில் அம்மாவுக்கு உதவிவிட்டு அதே சீருடையோடு பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் வரலாறு தெரிந்தவர்கள் இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

முதலாவது செருப்பு. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது, இரத்தத்தைக் குடித்துச் சோகையை உண்டாக்குகிறது. செருப்பு போடாதே என்று சொன்ன ஊர், தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளின் இரத்தத்தையும் எடுத்திருக்கிறது. இன்று அரசு கொடுத்த செருப்பு பிள்ளையின் காலில் இருக்கிறதா, சில தெருக்களைத் தாண்டும்போது கைக்குப் போகிறதா? பள்ளிக்கு வரும் வழியைக் கூடவே நடந்து பாருங்கள்.

இரண்டாவது அளவு. பெரிய சட்டை தோளில் நிற்காது, சின்னப் பாவாடை உட்கார விடாது. அறுந்த பொத்தானுக்குப் பதிலாக ஊக்கு குத்தியிருக்கும், அது ஓடி விழும்போது நெஞ்சில் குத்தும். பெண்பிள்ளை தரையில் கூச்சமின்றி உட்காரவும் ஓடவும் கழிப்பறைக்குப் போய்வரவும் முடிகிற உடைதான் அவளுக்குப் பாதுகாப்பான உடை. அளவெடுத்தார்களா, நான்கு செட்டும் எந்த மாதம் கைக்கு வந்தன என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கலாம். அந்தக் குழுவில் காலனிப் பெற்றோர் பெயருக்கு இருக்கிறார்களா, பேசுகிறார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

மூன்றாவது அழுக்கு. சீருடை அழுக்காக இருக்கிறது என்று வெளியே நிறுத்தும் ஆசிரியர், காலனிக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று கேட்பதில்லை. தண்ணீரை ஊரின் கடைசியில் வைத்துவிட்டு, சட்டையின் வெண்மையைப் பிள்ளையிடம் கேட்பது தண்டனையை இரண்டு முறை கொடுப்பது. அழுக்குச் சட்டைக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்து எழுப்பக் கூடாது என்பதை நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நான்காவது, அந்தச் சட்டையோடு பிள்ளையை என்ன வேலை செய்ய வைக்கிறார்கள் என்பது. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் ஒருவர் கைதானார். எல்லோருக்கும் ஒரே சீருடை கொடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடரைச் சாதி பார்த்துக் கையில் கொடுத்தால் அந்தச் சீருடைக்கு என்ன அர்த்தம்?

நண்பர்களே, உடுப்பு நமக்கு ஒருபோதும் அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை. கிழிக்கப்பட்ட குப்பாயத்திலிருந்து நான்கு செட் சீருடை வரை வந்துசேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வழியில் எரிந்த குடிசைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கணக்கில்லை. சீருடையை ஆட்சியாளர் போட்ட பிச்சை என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தலையிலிருந்து கால் வரை பாருங்கள். சட்டையில் பொத்தான் இருக்கிறதா, காலில் செருப்பு இருக்கிறதா, மணிக்கட்டில் எதுவும் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை எழுதி வைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய இடத்தில் போய்க் கேளுங்கள்.